நாலாம் லைனுக்கு வந்த மூன்று கம்ப்யூட்டர்கள்

போன மாதம் ஆம்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில், என் பழைய பிரிவில் இப்போது இருக்கும் நிவேதா பேசினாள். தொழிற்சாலைக்கு டேப்லெட் வாங்கப் போகிறார்களாம். இரண்டு கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு வேகக் கணக்கோடு வந்து நிற்கிறார்களாம்.

"மேடம், ரெண்டு பேரும் அவங்களோடதுதான் ஃபாஸ்ட்டுன்றாங்க. நம்பரைப் பாத்தா ரெண்டு பேர் சொல்றதும் கரெக்டாதான் இருக்குது. நீங்க ஒரு காலத்துல லேப்டாப்பையே ஸ்டாப்வாட்ச் வச்சு டைம் பண்ணீங்களாமே? இங்க இன்னும் சொல்லிச் சிரிக்கிறாங்க. நெஜமா?"

நிஜம்தான். அவளிடம் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. பேரனை ஸ்கூல் வேனில் ஏற்ற வேண்டியிருந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் டைம் ஸ்டடிக்காரி. ஒரு ஷூவின் மேல்பாகத்தைத் தைக்க, மடிக்க, ஒட்ட எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்து, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட் போடும் வேலை. தொண்ணூறுகளில் டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்தேன். தினமும் காட்பாடியில் ரயிலேறி ஆம்பூரில் இறங்குவேன். முதல் இரண்டு வருஷம் கற்றுக்கொண்டதை இரண்டே வரியில் சொல்லிவிடலாம்: வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரி, ஒவ்வொன்றையும் பலமுறை அள. அவ்வளவுதான். கஷ்டம் அதில் இல்லை. தையல் மெஷின்கள் வரிசையாக நிற்கும் லைனுக்குள் நான் கால் வைத்ததும் இருபது பெண்களின் முகம் ஒரே நேரத்தில் இறுகிப் போகுமே, அதற்குப் பழகுவதுதான் கஷ்டம். ஸ்டாப்வாட்ச் வந்தால் டார்கெட் ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் அப்படித்தான் ஏறியது.

என் மேலதிகாரி நசீர் சார். ஆம்பூர்க்காரர், மெலிந்த உடம்பு, எப்போதும் அரைக்கை வெள்ளைச் சட்டை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. தையல் மெஷின்கள் ஓடும் இரைச்சலிலும் அதே சன்னமான குரலில்தான் பேசுவார். நாம்தான் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். வாட்ச்சை மறைத்து வைத்து அளப்பது அவருக்குப் பிடிக்காது. முதலில் மெஷினில் உட்கார்ந்திருப்பவளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், எதற்காக அளக்கிறோம் என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் பொத்தானை அழுத்த வேண்டும். முகத்துக்கு நேராக நிற்கவும் கூடாது. பக்கவாட்டில், கை தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். "மூஞ்சியப் பாத்தா நமக்குப் பாவம் வரும், இல்லாட்டி கோவம் வரும். கையப் பாரு. கைக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார்.

லேப்டாப் கதை இரண்டாயிரத்துப் பத்துக்குக் கொஞ்சம் முந்தி நடந்தது. பகலில் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் ஷூக்களை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் புதிதாக ஒரு நிபந்தனை போட்டார்கள். ஒவ்வொரு லைனிலும் மணிக்கு எத்தனை ஷூ கழிக்கப்பட்டது, என்ன குறை என்பதை அன்றன்றைக்கே கம்ப்யூட்டரில் அனுப்ப வேண்டும். அதுவரை லைன் முடிவில் உட்கார்ந்திருக்கும் செக்கர் பெண்கள் துண்டுச் சீட்டில் கோடு போட்டுத் தருவார்கள். சாயங்காலம் கம்ப்யூட்டர் அறையில் யாராவது தட்டி ஏற்றுவார்கள். இனி அது செல்லாது.

ஒவ்வொரு லைன் முடிவிலும் ஒரு சின்ன லேப்டாப் வைத்து, அதை இயக்க டிப்ளமா படித்த பையன்களைப் போடுவது என்று நிர்வாகம் யோசித்தது. அந்தப் பையன்களே ஷூவையும் பார்த்துவிடுவார்கள். செக்கர் பெண்கள் பழையபடி பேஸ்டிங்குக்குப் போக வேண்டியதுதான்.

பேஸ்டிங் என்றால் பசை தடவும் பகுதி. நாலாம் லைன் செக்கர் குணசுந்தரி அங்கிருந்துதான் வந்தவள். அந்தப் பசை வாசனை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மதியத்துக்கு மேல் தலைவலி மண்டையைப் பிளக்கும், சாப்பிட்டது வெளியே வந்துவிடும். செக்கராக வந்த பிறகுதான் அவள் முகத்தில் ரத்தமே ஊறியது. விஷயம் காதில் விழுந்த அன்று கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், என்னைத் திரும்பவும் பசைக்கு அனுப்பிடுவாங்களா?"

"இன்னும் ஒண்ணும் முடிவாகலை குணா."

"எட்டாவதுதான் படிச்சிருக்கேன். ஆனா ஷூவப் பாக்குறதுல இதுவரைக்கும் யாரும் என்னைக் கொறை சொன்னதில்லை மேடம்" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரமே ஏசி போட்ட கான்பரன்ஸ் அறையில் மூன்று கருவிகளை மேஜையில் வைத்தார்கள். முதலாவது, சென்னையிலிருந்து வந்த முரளி என்ற விற்பனையாளர் கொண்டுவந்த சின்ன லேப்டாப். கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை சிஸ்டம் எல்லா ஆபீஸ்களிலும் இருந்த வழக்கமானதுதான், அதன் மேல் அவர்கள் கம்பெனி எழுதிய மென்பொருள். திரையில் ஷூ படமெல்லாம் வந்தது. இரண்டாவது, அதே மாதிரி இன்னொரு லேப்டாப். அதில் எங்கள் சிஸ்டம்ஸ் ஆள் ஜோசப், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற சிஸ்டத்தின் வகையில் ரொம்ப இலேசான ஒன்றைப் போட்டிருந்தான். கருப்புத் திரை, பெரிய பெரிய எழுத்து, படம் கிடம் ஒன்றும் இல்லை. மூன்றாவது, உள்ளங்கையில் அடங்கும் கருவி. செல்போன்களில் வருவது போன்ற சிஸ்டம். ஒரு குச்சியால் தொட்டு இயக்க வேண்டும்.

"இது இன்னாப்பா, மொட்டையா இருக்குது?" என்று ஜோசப்புடையதைப் பார்த்துச் சின்ன முதலாளி கேட்டார்.

"சார், ஒரு வீட்ல இருக்குற சாமானெல்லாம் வெளியே தூக்கிப் போட்டுட்டு, ஒரு கட்டிலும் ஒரு லைட்டும் மட்டும் வச்சிருக்கிற மாதிரி சார் இது. நமக்கு வேண்டியது அவ்வளவுதானே?"

யாரும் மசியவில்லை. மேஜையில் முரளியுடையதுதான் நன்றாக ஓடியது. பொத்தானைத் தொட்டால் உடனே குறை பதிவானது. ஜோசப்புடையதை விட ஒரு மயிரிழை வேகம் என்றுகூடத் தோன்றியது. சின்ன முதலாளி ஆர்டர் கொடுக்க எழுந்துவிட்டார். அப்போது நசீர் சார் தன் சன்னக் குரலில், "மூணு வாரம் லைன்ல வச்சுப் பாத்துடலாமா? புதுசா ஒரு ஆபரேட்டர் சேர்ந்தாகூட நாம டைம் பண்ணிதானே எடுக்குறோம்?" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பையன்கள் இன்னும் வரவில்லை என்பதால், சோதனை முடியும் வரை செக்கர்களே கருவியை இயக்குவதாக ஏற்பாடு. மறுநாள் நாலாம் லைன் முடிவில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றேன். குணா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா மேடம், இன்னிக்கு எனக்கா?"

"இல்லை குணா, இதுக்கு" என்று லேப்டாப்பைக் காட்டினேன்.

"அப்பாடா! நல்லாப் புடிங்க மேடம். எங்க உயிரை எடுத்தது போதும். அதுக்கும் ஒரு டார்கெட் போடுங்க!"

பக்கத்து மெஷின்களில் சிரிப்பு பரவியது. அத்தனை வருஷத்தில் ஒரு லைனில் நான் வாட்ச் எடுத்து மக்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

எப்படி அளந்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நிவேதாவுக்கு வேண்டியது அதுதான். கருவியின் வேலையை, ஒரு தையல்காரியின் வேலையைப் பிரிப்பது போலப் பிரித்தேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து முதல் குறையைப் பதிய முடிகிற வரை ஒன்று. ஒரு குறையைப் பதிவது ஒன்று. பதிந்த பிறகு செக்கரின் கண் திரும்ப ஷூவுக்குப் போவது ஒன்று. கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, மறுபடி எழுந்து நிற்க ஆகும் நேரம் ஒன்று. இதையெல்லாம் காலையில் ஒரு தரம், மதியம் வேர்வை வழியும்போது ஒரு தரம், ஷிப்ட் முடியும் அவசரத்தில் ஒரு தரம் என்று பார்த்தேன். ஏசி அறையில் யார் விரலிலும் பசை இல்லை. யார் தலைக்கு மேலும் தோல் தூசி பறக்கவில்லை. இங்கே எல்லாம் இருந்தது.

கையடக்கக் கருவி முதலில் தோற்றது. தொட்ட உடனே கண் விழிக்கிற சுறுசுறுப்பு மற்ற இரண்டுக்கும் கிடையாது. நாள் முழுக்க பேட்டரியும் தாங்கியது. ஆனால் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. நாற்பதைத் தாண்டிய செக்கர்கள் அதைக் கை நீட்டி எட்ட வைத்துப் பார்த்தார்கள். ஒரு கையில் ஷூ, ஒரு கையில் கருவி, குச்சியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? குச்சி பசையில் ஒட்டிக்கொண்டது. பிறகு காணாமலே போனது.

முரளியின் லேப்டாப் காலையில் குதிரை மாதிரி ஓடியது. முரளியும் கூடவே இருந்தார். நல்ல மனுஷர். தினமும் மதியம் பிரியாணி சாப்பிடப் போய்விட்டு, திரும்பி வந்ததும் ஒரு தடவை அதை அணைத்துப் போடுவார். அவருக்கு அது ஒரு பழக்கம். எங்களுக்கும் வித்தியாசமாகப் படவில்லை. இரண்டாவது வாரம் அவர் சென்னைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து தொல்லை ஆரம்பித்தது.

நாலாம் லைனில் குறைகள் திடீரென்று ஏறின. சாயங்கால ரிப்போர்ட்டைப் பார்த்து சூப்பர்வைசர் தனபால் தையல் பெண்களைக் கூட்டி வைத்துத் திட்டினார். இப்படியே போனால் அந்த மாதத்து ஊக்கத்தொகை கிடையாது என்றார். அவர்கள் கோபம் நேராகக் குணா மேல் திரும்பியது.

"மேலிடத்துல நல்ல பேரு வாங்க எங்க வயித்துல அடிக்கிறியா?" என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள். மறுநாள் கேன்டீனில் குணாவின் பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன. கான்பரன்ஸ் அறையிலோ, "இதுக்குத்தான் படிச்ச பசங்களைப் போடணும்ன்றது" என்ற பேச்சு வலுத்தது.

எனக்கு ஒன்று இடித்தது. கழித்த ஷூக்கள் போடும் பெட்டி வழக்கம் போலத்தான் நிறைந்திருந்தது. ரிப்போர்ட் சொன்ன அளவுக்குக் குறை இருந்தால் பெட்டி வழிந்திருக்க வேண்டாமா? வாட்ச்சைப் பாக்கெட்டில் போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் குணாவின் பக்கவாட்டில் போய் நின்று கையை மட்டும் பார்த்தேன்.

அவள் ஒரு ஷூவை வெளிச்சத்தில் திருப்பினாள். தையல் விட்டிருந்தது. விசையை அழுத்தினாள். திரை அசையவில்லை. லேப்டாப்பின் ஓரத்தில் இருந்த சின்ன விளக்கு மட்டும் படபடவென்று துடித்தது. காத்திருந்தாள். மறுபடி அழுத்தினாள். திரை விழித்துக்கொண்டு இரண்டு குறை என்று பதிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அதற்குள் அடுத்த ஷூ கைக்கு வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் இது திரும்பத் திரும்ப நடந்தது.

ஜோசப்பை இழுத்து வந்தேன். கொஞ்ச நேரம் குடைந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "மேடம், இதுக்கு மெமரி கம்மி. காலையிலேர்ந்து ஓட ஓட உள்ளே எல்லாம் ரொம்பிப் போகுது. மேல வைரஸ் தேடுறது வேற ஓடுது. அப்பப்ப மூச்சு முட்டி நின்னுடுது. அணைச்சுப் போட்டா திரும்ப ஃபிரஷ்ஷாயிடும்." முரளியின் மதியப் பழக்கம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிஸ்டத்தின் மேல் தப்பில்லை. அந்தச் சின்ன உடம்பு தாங்காத சுமையை அதன் தலையில் ஏற்றியிருந்தார்கள்.

கூட்டம் போட்டோம். முரளியும் சென்னையிலிருந்து வந்திருந்தார்.

"மேடம், சராசரி பாருங்க, நல்லாதானே இருக்கு? அந்த நாலஞ்சு தடவையை விட்டுடுங்க. உங்க டைம் ஸ்டடிலயே ஒத்து வராத அளவை எல்லாம் எடுத்துடுவீங்க இல்ல?"

கேள்வி நியாயமானது. எங்கள் விதியே அதுதான். நான் நசீர் சாரைப் பார்த்தேன்.

"எடுத்துடுவோம் தம்பி" என்றார் அவர். "ஊசி ஒடைஞ்சா எடுத்துடுவோம். ஆபரேட்டரை யாராவது பேச்சுக்கு இழுத்தா எடுத்துடுவோம். அது வெளியேர்ந்து வர்றது. இது வெளியேர்ந்து வரலையே? தினம் மதியம் சாப்பாடு முடிஞ்சா வருதே? அப்ப இதுவும் இந்த மெஷினோட வேலைதான். கணக்குல சேர்த்துதான் ஆகணும்."

"பசங்களா இருந்தா ரெண்டு தடவை அழுத்த மாட்டாங்க. சொல்லிக் கொடுத்துடலாம்" என்றார் சின்ன முதலாளி.

இதை எதிர்பார்த்தே இருந்தேன். "சார், ஒரு அஞ்சு நிமிஷம் லைனுக்கு வர்றீங்களா?" என்றேன்.

வந்தார். குணா எழுந்து இடம் கொடுத்தாள். அவர் முதலாளி நாற்காலியிலிருந்து செக்கர் ஸ்டூலுக்கு மாறி உட்கார்ந்ததை மொத்த லைனும் ஓரக்கண்ணால் பார்த்தது. குணா ஒவ்வொரு ஷூவாகக் குறை சொல்லிக் கொடுத்தாள், அவர் பதிந்தார். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகப் போனது. இன்றைக்குப் பார்த்து இது நிற்காமல் போனால்?

நின்றது. அவர் அழுத்தினார். திரை பேசாமல் இருந்தது. மறுபடி அழுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே மூன்றாவது தடவையும் அழுத்தினார். ஒரே ஷூவுக்கு மூன்று குறை பதிந்தது.

அவரே சிரித்துவிட்டார். "நான் வேணும்னு பண்ணலை!"

"நானும்தான் சார்" என்றாள் குணா. அவள் சிரிக்கவில்லை. "இது வேகமாதான் போவுது. எப்ப நிக்கும்னுதான் தெரிய மாட்டேங்குது. அது தெரியாததால நான் ஷூவைப் பாக்க முடியலை சார், இதைத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

சின்ன முதலாளி ஸ்டூலில் இருந்தபடியே தனபாலைக் கூப்பிட்டு, அந்த வாரத்து ரிப்போர்ட்டை வைத்து யாருடைய பணத்தையும் பிடிக்கக் கூடாது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அன்றைக்குக் குணாவைத் திட்டியவள் தலையைக் குனிந்துகொண்டு நூல் கோத்தாள். மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவள்தான் குணாவின் பக்கத்து நாற்காலியில் முதலில் போய் உட்கார்ந்தாள்.

அப்புறம் எல்லாம் சுமுகமாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஜோசப்பின் லினக்ஸ் லேப்டாப் லைனுக்கு வந்தது, குணாவின் கைக்கே. காலையானாலும் சாயங்காலமானாலும் ஒரே வேகம். பேட்டரி தீர்ந்து அணைந்தாலும் சட்டென்று எழுந்துவிடும். ஆனால் அதற்கு வேறு ஒரு வியாதி இருந்தது. கரண்ட் போய் வந்தால் கம்பியில்லா இணைப்பை மறந்துவிடும். பதிந்தது எதுவும் ஆபீசுக்குப் போய்ச் சேராது. வெளிநாட்டுக்காரர்கள் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார்கள். "இலவசமாக் கெடைக்குதுன்னு எடுத்தா இப்படித்தான், ரொம்ப பேஜாரு" என்று தனபால் என் காதில் விழும்படியே சொன்னார். அந்த வாரக் கடைசிக்குள் சரியாகவில்லையென்றால் முதல் திட்டத்துக்கே போய்விடலாம் என்று சின்ன முதலாளியும் சொல்லிவிட்டார். அப்படியானால் மறுபடி பையன்கள். மறுபடி குணாவுக்குப் பசை.

ஜோசப் இணைப்பைச் சரி செய்யப் படாதபாடு பட்டான். முடியவில்லை. அவன் முகம் வாடிப்போயிருந்ததைப் பார்த்து நசீர் சார் கேட்டார்: "இணைப்பு போனா இன்னா நஷ்டம்?"

"பதிஞ்சது ஆபீசுக்குப் போகாது சார்."

"தபால்காரன் வரலைன்னா லெட்டர் எழுதுறதை நிறுத்திடுவமா? எழுதி வச்சுக்கிட்டு, அவன் வந்ததும் கொடுப்போமில்ல?"

ஜோசப் இணைப்பிடம் கெஞ்சிக்கொண்டிருப்பதை விட்டான். பதிவதையெல்லாம் லேப்டாப் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும், இணைப்பு வரும்போது மொத்தமாக அனுப்பட்டும் என்று மாற்றி எழுதினான். பசை, தையல், சுருக்கம், நிறம், இடது, வலது, முன், பின் என்று தமிழில் எழுதிய ஸ்டிக்கர்களை விசைகளின் மேல் நானும் அவனும் ஒட்டினோம். வாரக் கடைசியில் கரண்ட் இரண்டு முறை போயிற்று. ரிப்போர்ட் கொஞ்சம் தாமதமாகப் போனது. ஆனால் ஒன்று விடாமல் போனது.

எல்லா லைனுக்கும் அதுவே வந்தது. செக்கர்கள் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். கையடக்கக் கருவியை நான் தள்ளிவிடவில்லை; நடந்துகொண்டே பெட்டி எண்ண வேண்டிய குடோனுக்கு அதைப்போல வேறொன்று இல்லை, அங்கே வாங்கினோம். முரளியும் தன் மென்பொருளை மெலிய வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் வந்தார். ஆபீஸ் கணக்குப் பிரிவு அதை எடுத்துக்கொண்டது. எது சிறந்த சிஸ்டம் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எங்கே, யார் கையில் என்று சொல். அங்கே அதிகபட்சம் எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது என்று அளந்து சொல்கிறேன். நிவேதாவுக்கும் இதையேதான் சொன்னேன்.

லேப்டாப்கள் வந்து சில மாதம் கழித்து ஒரு நாள் முற்பகல், நாலாம் லைன் திடீரென்று நின்றது. இரைச்சல் அடங்கியதைக் கேட்டு நானும் தனபாலும் ஓடினோம். நடுவில் ஒரு தையல் மெஷினுக்குப் பக்கத்தில் குணா நின்றிருந்தாள். மெக்கானிக் ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"யார் லைனை நிறுத்தச் சொன்னது?" என்று தனபால் கத்தினார்.

"வந்து பாருங்க சார்" என்று அவள் அவரை லேப்டாப்புக்கு அழைத்துப் போனாள். அந்த ஒரு மணி நேரத்துக் குறைகள் திரையில் வரிசையாக இருந்தன. எல்லாம் தையல், எல்லாம் இடது கால் ஷூ, பின்பக்கம். "ஒரே எடத்துல வருது. அந்த எடத்தைத் தைக்கிறது இந்த ஒரு மெஷின்தான். அவ மேல தப்பில்லை, ஊசி மழுங்கிப் போயிருக்குது. விட்டிருந்தா சாயந்தரம் வரைக்கும் கழிச்சுக்கினே இருந்திருப்பேன்."

தனபால் திரையைப் பார்த்தார். மெக்கானிக் நீட்டிய ஊசியை வாங்கி விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். பிறகு லைனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன.

"சரி, அடுத்த தடவை நிறுத்துறதுக்கு முந்தி எனக்கு ஒரு வார்த்தை சொல்லு" என்றார்.

"நீங்க வர்ற வரைக்கும் எத்தினி ஷூ கெட்டுப் போவும் சார்?" என்றாள் குணா. "நிறுத்திட்டுச் சொல்றேன்."

சொல்லிவிட்டு, அடுத்த ஷூவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.